கோலத்துக்காக வெட்டிய கடைசிப் பக்கம்

படிக்கிற கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, வீடு முழுக்க அதையே தேடும் வயதுக்கு வந்துவிட்ட என் தோழர்களே, உங்களுக்குத்தான் இது. போன ஞாயிற்றுக்கிழமை நாம் எல்லோரும் அவரவர் வீட்டில் சாய்ந்தபடி ஒரே படத்தைப் பார்த்துவிட்டு போனில் அடித்துக்கொண்டோமே, அந்தச் சண்டையில் நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை என்று உங்களில் ஒருவருக்குக் குறை. "நாவலைக் கெடுத்துட்டாங்க" என்று பாதிப் பேர். "நாவலை யாரு படிச்சா, படம் நல்லாத்தான் இருக்கு" என்று மீதிப் பேர். படத்தைப் பற்றி என் அபிப்பிராயம் வேண்டுமென்றால் சொல்லிவிடுகிறேன். முதல் பாதி தேவலை. இரண்டாம் பாதியில் நாயகன் மழையில் நனைந்த நேரத்துக்கு ஒரு ஏரியே நிரம்பியிருக்கும். ஆனால் நாவலா படமா என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு மூக்கில் மல்லாட்டைத் தூசி ஏறிவிடும். தும்மல்கூட வரும். ஏன் என்று இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணாமலையார் ஊரைத் தனி மாவட்டமாகப் பிரித்த மறு வருஷத்துக் கோடை விடுமுறை அது. வேங்கிக்கால் பக்கம் கலெக்டர் ஆபீஸ் வரப்போகிறது, இரண்டு மனை வாங்கிப் போடு என்று அப்பாவிடம் ஆள் மாற்றி ஆள் சொன்னார்கள். "அங்க ஆடு மேய்க்கக்கூட எவனும் போவமாட்டான்" என்று அப்பா சிரித்தார். அப்பாவின் கணிப்புகள் பெரும்பாலும் இந்த ரகம். இன்று அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்கும்.

எங்கள் வீடு கோயிலுக்கு மேற்கே, பேகோபுரத்துப் பக்கம். மலைப்பாறை சூடேறி இறங்கும் காங்கை விளக்கு வைக்கும்வரை வீட்டை விட்டுப் போகாது. அப்பாவுக்கு விதைக் கடை. ஆனி, ஆடியில் மானாவாரி விதைப்புக்கு எல்லா ஊரிலிருந்தும் மல்லாட்டை கேட்டு வருவார்கள். மல்லாட்டை என்றால் வேர்க்கடலைதான், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மெஷினில் போட்டு உடைத்தால் பருப்பின் சிவப்புத் தோல் கிழிந்துவிடும். தோல் கிழிந்த பருப்பு சரியாக முளைக்காது. அதனால் விதைக்காயை மட்டும் கையால்தான் உடைப்பார்கள். எங்கள் கூடத்தில் மூட்டைகள் வந்து இறங்கும். தெருவிலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்து சாக்கு விரித்து வட்டமாக உட்காருவார்கள். பொக்கும் சொத்தையும் பொறுக்குவது என் வேலை. நல்ல பருப்பு பாதி என் வாய்க்குள் போகும். அது யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தோழர்களே, இன்று படம் வந்த மறுநாள் காலையில் ஆளுக்கொரு போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு விமரிசனம் செய்கிறார்களே, அவர்களில் ஒருவர்கூட எங்கள் கூடத்துப் பெண்களின் பக்கத்தில் நிற்க முடியாது. பால்காரம்மா என்று ஒருவர். வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டு நேரே காய் உடைக்க வந்துவிடுவார். முதல் நாள் பார்த்த படத்தைப் பற்றி அவர் கேட்டார்: "ஏம்மா, அந்தப் பொண்ணு வூட்ட வுட்டு ஓடியாறா. கையில ஒரு மஞ்சப்பைகூட இல்ல. அப்புறம் பாட்டுக்குப் பாட்டு வேற வேற பொடவ. யாரும்மா தூக்கினு வந்தது?"

அவருக்குப் பக்கத்தில் பெங்களூர் அக்கா. அக்கா பெங்களூரைப் பார்த்ததே கிடையாது. புருஷன்தான் அங்கே கொத்தனார் வேலைக்குப் போனவன். போன இடத்தில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். ஆறு வருஷமாக ஒரு கடுதாசி கிடையாது. அக்கா காலையில் ரமணாசிரமம் பக்கம் ஒரு டிபன் கடையில் வெள்ளைக்காரர்களுக்குச் சப்பாத்தி தேய்ப்பாள். மத்தியானம் எங்கள் வீட்டில் காய் உடைப்பாள். கூடத்தில் உரக்கச் சிரிப்பவள் அவள்தான். "வில்லன் அவ்ளோ நேரம் பேசினே இருந்தானே, அதுக்குள்ள நான் ஒரு மரக்கா காய் ஒடச்சிருப்பேன்" என்பாள். அவளுக்குத் துக்கம் ஒன்றும் கிடையாது என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

அப்பாவின் விமரிசனம் ஒரே கேள்விதான். "சண்டை எத்தனை?" இரண்டுக்குக் கீழே என்றால் அது படமே இல்லை.

இந்தக் கூடத்துக்குள் ஒரு புத்தகம் வந்து சேர்ந்தது. கீழ்பென்னாத்தூரில் இருந்த என் அத்தை, அப்பாவின் அக்கா, கொடுத்தனுப்பியது. கடையில் வாங்கிய புத்தகமல்ல. வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டிங் செய்து வைத்துக்கொள்வார்களே, அந்த மாதிரி. காலிகோ அட்டை, மைதாப் பசை வாசனை, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பெரிய கண்ணும் இடுப்பு வரை ஜடையுமாக ஒரு பெண்ணின் படம், பக்கத்தின் பின்னால் பாதி வெட்டுப்பட்ட தலைவலி மாத்திரை விளம்பரம். உங்கள் வீட்டிலும் ஒன்றிரண்டு இருந்திருக்கும். எங்கே போயின என்று கேட்டால் எல்லோரும் தலையைச் சொறிவோம்.

அம்மா மத்தியானங்களில் அதைப் பெண்களுக்கு வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். அம்மாவும் அந்தக் கதையை அப்போதுதான் முதல் தடவையாகப் படிக்கிறாள். கதைநாயகி ஒரு மலையடிவார ஊரில் நர்ஸ். அவளுக்குப் புத்தகத்தில் ஒரு பெயர் இருந்தது. நாங்கள் நர்ஸம்மா என்றே சொல்லிச் சொல்லி அது மறந்துபோய்விட்டது. புருஷன் அவளை விட்டுவிட்டுப் பட்டணத்துக்குப் போய்விடுகிறான். எட்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்து, என்னோடு வா என்று கூப்பிடுகிறான். போவாளா, மாட்டாளா? இதுதான் கதை. நல்ல கட்டங்களில் பன்னிரண்டு பேர் கையும் நின்றுவிடும். கடைப் பக்கமிருந்து அப்பா குரல் கொடுப்பார்: "அங்க கத ஓடுதா, கை ஓடுதா?" கதையால் வேலை கெடுகிறது என்பது அப்பாவின் கட்சி. அந்தக் கதைக்காகத்தான் பன்னிரண்டு பேரும் வேறு வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்தார்கள் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

இருபது நாள் ஓடியது. கடைசி அத்தியாயம் வந்தது. பஸ் ஸ்டாண்ட். நர்ஸம்மா பெட்டியோடு கீழே நிற்கிறாள். அம்மா பக்கத்தைத் திருப்பினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் எட்டிப் பார்த்தேன். பக்கத்தின் நடுவில் சதுரமாக ஓட்டை. கத்தரிக்கோலால் அழகாக வெட்டியிருந்தது. அம்மா தாளைத் தூக்கியதும் அதன் வழியே அவள் மடியில் புடவைப் பூ தெரிந்தது. ஓட்டைக்கு மேலே, அவன் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு அவளைப் பார்த்தான் என்று முடியும் மூன்று வரி. ஓட்டைக்குக் கீழே, பேருந்து கிளம்பியது, அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள், முற்றும். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து துடைத்துக்கொண்டாளா, கீழே நின்று துடைத்துக்கொண்டாளா? அது ஓட்டையோடு போய்விட்டது.

"படிம்மா" என்றார் பால்காரம்மா. இருபது நாள் காத்திருந்த பன்னிரண்டு பேரிடம் முடிவு இல்லை என்று சொல்லும் தைரியம் யாருக்கு வரும்? அம்மா தலையைத் தூக்கி ஒரு தரம் வட்டத்தைப் பார்த்தாள். பெங்களூர் அக்கா கையில் ஒரு காயை உடைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா குனிந்து ஓட்டையைப் பார்த்துப் படிக்கத் தொடங்கினாள்.

"பஸ் ஸ்டாண்ட்ல ஒரே கூட்டம். கொய்யாப்பழக் கூடைக்காரி ஒவ்வொரு சன்னலா தட்டினு போறா. நர்ஸம்மா அவனப் பாத்து, நீ போய்யா, எனக்கு டூட்டிக்கு நேரமாச்சுன்னா. ரெண்டு கொய்யா வாங்கினா. ஒண்ணக் கடிச்சினே ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தா." பிறகு மூச்சு வாங்காமல் கீழே இருந்த இரண்டு வரியோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். நான் வாயைத் திறந்தேன். தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது. மூடிக்கொண்டேன்.

கூடம் அன்று கல்யாண வீடுபோல் ஆகிவிட்டது. பால்காரம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே "நல்லா எழுதிக்கீறான்" என்றார். அப்பா எட்டிப் பார்த்து, யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டார்.

இரண்டு நாள் கழித்து பெங்களூர் அக்காவைத் தேடி அவளுடைய மச்சாண்டார், புருஷனின் அண்ணன், எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். தம்பிக்கு அந்தச் சிநேகிதம் முறிந்துவிட்டது, இடுப்பு வேறு சரியில்லை, சோறு பொங்க ஆளில்லை, இவளைக் கூட்டிவரச் சொன்னான் என்றார். அப்பாவைப் பெரிய மனுஷனாக வைத்துப் பேசினார். அப்பாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "புருஷன் கூப்புடறான். போய்த்தான் பாரேம்மா" என்றார்.

அக்கா புடவையில் ஒட்டிய தோலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "நான் வரலீங்க."

"ஏன்?"

"கதையில படிச்ச பொம்பள, நர்சு, அவங்களே பஸ்ஸுல ஏறல. நான் எதுக்கு ஏறணும்?"

மச்சாண்டாருக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த நர்சு, எந்த பஸ் என்று அப்பாவைக் கேட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா மோர் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனவள் வரவே இல்லை. நான் போய்ப் பார்த்தேன். மோர்ப்பானைக்கு முன்னால் வெறும் டம்ளரை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு ஓட்டையைப் பார்த்துத் தான் சொன்ன பொய்யை நம்பி ஒருத்தி தன் வாழ்க்கையை முடிவு செய்துவிட்டாளே என்பதுதான் பயம்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு வாரத்தில், ஒலிபெருக்கி கட்டிய ரிக்ஷா ஒன்று சினிமா நோட்டீசை வீசிக்கொண்டு வந்தது. நான் துரத்திப் போய் ஒரு ரோஸ் நோட்டீஸைப் பிடித்து, கூடத்தின் நடுவில் நின்று, பள்ளிக்கூடத்தில் வாங்கிய நல்ல பெயரையெல்லாம் குரலில் காட்டிப் படித்தேன். வாரப் பத்திரிகையில் வந்து லட்சக்கணக்கான பெண்களின் கண்களைக் குளமாக்கிய தொடர்கதை, இப்போது வெள்ளித்திரையில்! கதையின் பெயரைப் படித்ததும் கூடம் முழுக்கக் கூச்சல். "நம்ம நர்ஸம்மா!" அம்மா முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது.

மறுநாள் காலையிலேயே அம்மா என்னை இழுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினாள். அத்தை வீட்டில் காபியைக்கூடக் குடிக்காமல், "அண்ணி, கடைசியில அவ ஏறினாளா இல்லியா?" என்றாள்.

அத்தை யோசித்தார். "ஏறிட்டான்னுதான் ஞாபகம். இல்ல, அது வேற கதையோ? ரெண்டு நாள் அழுதேன், அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு."

"அந்தப் பக்கத்த ஏன் அண்ணி வெட்டினீங்க?"

"பின்னால பதினேழு புள்ளியில தேர்க்கோலம் போட்டிருந்தான். வெட்டாம எப்படி வுடறது?"

கோலத்துக்குத் தனி நோட்டு வைத்திருந்தார் அத்தை. வெட்டிய கோலங்களை எல்லாம் மைதாப் பசை போட்டு ஒட்டியிருந்தார். தேர்க்கோலம் பார்வைக்கு இருந்தது. நர்ஸம்மாவின் முடிவு அதன் முதுகில் ஒட்டிப்போயிருந்தது. அம்மா ஈரத்துணியை வைத்து ஒற்றி ஒற்றி, நகத்தால் சுரண்டி, மெல்ல உரித்தாள். எழுத்தெல்லாம் கூழாகிவிட்டது. மிஞ்சியது ஒரே ஒரு கேள்விக்குறி. தேரும் கிழிந்துபோனதில் அத்தை மத்தியான பஸ் வரும்வரை அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

திரும்பும்போது அம்மா கோயிலுக்குள் போய் வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். "அவ பஸ்ஸுல ஏறக் கூடாதுன்னு" என்றாள். படத்தை எடுத்து முடித்து, ஃபிலிம் பெட்டியும் ஊருக்கு வந்துவிட்டது. இனி அண்ணாமலையாரே நினைத்தாலும் அவளை இறக்க முடியுமா? எனக்கு வந்த இந்தச் சந்தேகத்தை அம்மாவிடம் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் திறக்க மூன்று நாள் இருக்கும்போது மேட்னி ஷோவுக்குக் கிளம்பினோம். அப்பா அன்றைக்கு அரைநாள் லீவு கொடுத்தார். வேகவைத்த மல்லாட்டை ஒரு தூக்கு, முறுக்கு ஒரு பை, குடிக்கத் தண்ணீர் ஒரு குடம். குடத்தை வாசலில் மறித்தார்கள். பால்காரம்மா போட்ட சத்தத்தில் உள்ளே விட்டுவிட்டார்கள். மின்விசிறி சுற்றுகிறதா நிற்கிறதா என்று பந்தயம் கட்டலாம். நான் அம்மாவுக்கும் பெங்களூர் அக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். அம்மாவின் உள்ளங்கை என் கையில் ஈரமாக இருந்தது.

படம் ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷமே குற்றப் பத்திரிகை வாசிக்கப்பட்டது. நர்ஸம்மாவுக்கு ஜடை இல்லை, தோள் வரைக்கும் வெட்டிய முடி! "மொட்ட அடிச்சிட்டானுங்க" என்றார் பால்காரம்மா. புத்தகத்தில் இல்லாத ஒரு குண்டு கம்பவுண்டர் வந்து மாத்திரைகளைக் கொட்டிக்கொண்டே இருந்தான். மலையடிவார ஊரில் திடீரென்று பனி பெய்து ஒரு பாட்டு. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு சண்டை வந்தபோது மட்டும், அப்பா வந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். குறை சொல்லிக்கொண்டே எல்லோரும் ஆனந்தமாகப் பார்த்தார்கள். இரண்டு இடத்தில் அழக்கூடச் செய்தார்கள்.

பிறகு பஸ் ஸ்டாண்ட் வந்தது. புருஷன் துண்டு போட்டான். நர்ஸம்மா பெட்டியைத் தூக்கினாள். படிக்கட்டில் ஒரு காலை வைத்தாள். பால்காரம்மா எழுந்து பெஞ்சுமேல் நின்று, "ஏறாதடி! ஏறாத!" என்று கத்தினார். பின்னாலிருந்தவர்கள் உட்காரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். நர்ஸம்மா ஏறிவிட்டாள். ஏறியதோடு விட்டாளா? அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். வயலின். வணக்கம்.

விளக்கு போட்டதும் அம்மா எழுந்திருக்கவில்லை. ஆனால் வெளியே நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அம்மா பொய் சொன்னாள் என்று ஒருவருக்கும் தோன்றவே இல்லை. "பொஸ்தகத்த நாசம் பண்ணிட்டானுங்க. எவ்ளோ நல்லா முடிச்சிருந்தாங்க!" என்று பால்காரம்மா வாசலிலேயே நீதிமன்றம் கூட்டிவிட்டார். அடுத்த காட்சிக்கு வரிசையில் நின்ற முன்பின் தெரியாத பெண்களிடம் எல்லாம், பணம் குடுத்துப் போகாதீங்கம்மா, கத அது இல்ல, அவ கொய்யாப்பழம் வாங்கினு ஆஸ்பத்திரிக்குப் போயிடுவா என்று முழு முடிவையும் சொல்லி அனுப்பினார். இதைப் பார்த்து எனக்குச் சிரித்து மாளவில்லை. பெங்களூர் அக்கா மட்டும் காலி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

வீடு வந்ததும் மற்றவர்கள் போய்விட்டார்கள். மறுநாளுக்கான காயைக் கொட்டி வைக்க அக்கா மட்டும் கூடத்தில் இருந்தாள். அம்மா பீரோவைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து, கடைசிப் பக்கத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தாள்.

"இத பாரு. இங்க ஒண்ணுமே இல்ல. அன்னிக்கு நானா சொன்னேன். நெசக் கதையில அவ ஏறித்தான் இருப்பா போல. உன்ன நான் ஏமாத்திட்டேன்." அம்மா ஓட்டையின் ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். "இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. போகணும்னா போ. நான் அவர்கிட்ட சொல்லி ஆள் அனுப்பறேன்."

அக்கா ஓட்டைக்குள் விரல்களை விட்டு அந்தப் பக்கம் ஆட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு சிரிப்பு சிரித்தாள். கூடத்தில் வழக்கமாகச் சிரிக்கும் பெரிய சிரிப்பு.

"எனக்கு அன்னிக்கே தெரியும் அக்கா."

"எப்படி?"

"இருபது நாளா அந்த ஊர்ல இல்லாத கொய்யாப்பழக்காரி கடைசி நாள் எங்கேருந்து வந்தா? அது நம்ம பஸ் ஸ்டாண்ட் பொம்பள. தெனம் அவளத் தாண்டித்தான் சப்பாத்தி தேய்க்கப் போறேன்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்புறம் ஏண்டி அன்னிக்கு அவங்ககிட்ட கதையில இருக்குன்னு சொன்ன?"

"பின்ன, நீங்க சொன்னீங்கன்னா சொல்றது? சொன்னா அந்த ஆளு உங்களத் திட்டுவாரு. வூட்டுக்கார அண்ணனும் உங்களத்தான் கேப்பாரு. பொஸ்தகத்த யாரு திட்டப் போறாங்க? அதான் அது மேல போட்டுட்டேன்."

அன்றைக்கு அக்கா சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. எல்லோரும் அவளை வெகுளி என்றார்கள், நானும் நம்பியிருந்தேன். கூடத்தில் இருந்தவர்களிலேயே முன்யோசனை ஜாஸ்தி உள்ளவள் அவள்தான் என்று புரிய எனக்கு ரொம்ப வருஷம் ஆயிற்று.

"நான் சொன்னது தப்பா இருந்தா?" என்றாள் அம்மா.

"கதை எழுதினவங்க யாரு, எந்த ஊரு, எனக்குத் தெரியுமா? அவங்களுக்குத்தான் என்னத் தெரியுமா? ஆறு வருஷமா என் மூஞ்சியப் பாக்கறது நீங்க. அவங்க ஏறச் சொல்லியிருந்தாலும் எனக்கு ஒண்ணு, ஏறாதன்னு சொல்லியிருந்தாலும் ஒண்ணு. நீங்க ஏறாதன்னீங்க. நான் ஏறல."

அம்மா அழுதாள். உடனே சிரித்தாள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்த்து மூக்கு ஒழுகியது. அக்கா ஒரு கைப்பிடி காயை அவள் பக்கம் தள்ளி, தானும் ஒன்றை எடுத்து உடைத்தாள்.

"அத வுடுங்க. கொய்யாப்பழத்தக் கடிச்சினு ஆஸ்பத்திரிக்குப் போனாளே, அப்புறம் இன்னா பண்ணா? அதச் சொல்லுங்க" என்றாள்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புத்தகத்தை மூடித் தள்ளி வைத்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.